பாட்டி கதைக்குப் பரதேசப் படிப்பா?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு நண்பர் நமக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கர் நஞ்சையை நம்பிப் பிழைக்கும் குடியானவர். அவருடைய ஒரே குமாரன் தமிழில் எம்.ஏ. தேறியிருக்கிறான். உத்தியோகத்துக்கு மனுப் போடுவான் என்று தகப்பனார் காத்திருக்க, பையனோ வெளிதேசம் சென்று நாட்டார் வழக்காற்றியல் படிக்கப் போவதாகச் சொல்கிறானாம். கோயில் கொடையில் பாடும் வில்லுப்பாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி, பழமொழி, விடுகதை, பாட்டி சொல்லும் கதை ஆகியவற்றை ஒரு சாஸ்திரமாக வைத்துப் படிக்கும் படிப்பு அது. பட்டணத்திலே ஒரு தரகு ஸ்தாபனத்தார் இங்கிலாந்தில் ஓராண்டு எம்.ஏ. வகுப்புக்கு இடம் வாங்கித் தருவதாகவும், பாங்கிக் கடனுக்கு நிலத்தை ஈடு காட்டினால் போதும் என்றும் பையனிடம் சொல்லியிருக்கிறார்கள். என் தாயார் களத்து மேட்டில் பாடிய பாட்டைப் படிப்பதற்கு என் பிள்ளை கடல் தாண்ட வேண்டுமா, அதற்காக என் நிலத்தை நான் ஈடு வைக்க வேண்டுமா என்று நண்பர் கேட்கிறார்.

கேள்வி ஒன்று போல் தோன்றினாலும் உண்மையில் இவை இரண்டு கேள்விகள். கடல் தாண்டலாமா என்பதற்கு, தக்க ஆயத்தத்தோடு தாராளமாகத் தாண்டலாம் என்பது நமது விடை. நிலத்தை ஈடு வைக்கலாமா என்பதற்கு, ஒருக்காலும் கூடாது என்பது விடை. ஏன் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நண்பரைப் போன்ற தகப்பன்மார்கள் இன்னும் பல ஊர்களில் இருப்பார்கள்.

நமது சொந்தப் பாட்டைப் படிக்க அந்நியனிடம் போவதா என்ற ரோஷம் இயற்கையானதே. ஆனால் இந்தச் சாஸ்திரம் ஏகாதிபத்தியக்காரன் வீட்டில் மட்டும் பிறந்து வளர்ந்தது என்று எண்ணுவது பிசகு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரை 1846-ல் வில்லியம் தாம்ஸ் என்பவர் புனைபெயரில் எழுதிய ஒரு பத்திரிகைக் கடிதத்தில் உண்டாக்கினார். பெயர் வைத்தவன் ஆங்கிலேயன். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்களில் முக்கியமானவர்கள் பின்லாந்துக்காரர்கள். அவர்களோ அந்தக் காலத்தில் நம்மைப் போலவே பிறர் ஆட்சியில் இருந்தவர்கள்.

1809-ல் ஸ்வீடனிடமிருந்து ருஷியச் சக்கரவர்த்தியின் கைக்கு மாறிய தேசம் அது. படித்தவன் பேசியது ஸ்வீடிஷ் பாஷை. உழுதவன் பேசியது பின்னிஷ். 1831-ல் சில படிப்பாளிகள் கூடிப் பின்னிஷ் இலக்கியச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எலியாஸ் லோன்ராட் என்ற வைத்தியர் காரேலியக் காட்டுக் கிராமங்களில் நடந்து திரிந்து, கிழவர்கள் பாடியதைக் காகிதத்தில் எழுதிச் சேர்த்து, 1835-ல் ‘கலேவலா’ என்ற காவியமாகக் கொண்டு வந்தார். அச்சிட்டவை 500 பிரதிகள்; அவையும் விற்றுத் தீரப் பல வருஷம் பிடித்தது. 1849-ல் 22,795 அடிகளாக அது பெருகி வெளிவந்தது. அத்தேசம் சுதந்திரப் பிரகடனம் செய்தது 1917-ல். பாட்டினால்தான் விடுதலை வந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் 82 வருஷ அரசியலை மறைத்தவர்கள் ஆவோம். ஆனால் தனக்கு என்று ஒரு பாஷை உண்டு, அதில் பெருமைப்படத் தக்கது உண்டு என்ற எண்ணம் பின்லாந்துக் குடியானவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த 500 பிரதிகளைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

பக்கத்து எஸ்தோனியாவில் நடந்தது இன்னும் ருசியான விஷயம். யாக்கோப் ஹுர்ட் என்ற பாதிரியார் 1888-ல் பத்திரிகைகளின் மூலம் ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். உங்கள் ஊர்ப் பாட்டையும் கதையையும் எழுதி அனுப்புங்கள் என்பதே அது. பள்ளி ஆசிரியர், குடியானவர், கைத்தொழிலாளி என்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி அனுப்பினார்கள். சேர்ந்தவை லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். பத்திரிகை நடத்துகிறவர்கள் என்ற முறையில் இதைச் சொல்லும்போது நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. நாம் வாசகர்களைக் கேட்டதெல்லாம் சந்தாவைத்தான்! ஐயர்லாந்திலும் சுதந்திரம் வந்த கையோடு இந்த வேலை தொடங்கிற்று. 1935-ல் அதற்கென ஒரு கமிஷன் ஏற்பட்டது. 1937 முதல் 1939 வரை சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிழவர்களிடம் கேட்டதை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் கொடுத்தார்கள். அவை டப்ளினில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுவது யோக்கியம். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுதியோடு புகழ் பெற்ற இதே துறை, 1933 முதல் 1945 வரை ஹிட்லர் கூட்டத்தாரின் இனவெறிக்குச் சாட்சி சொல்லப் போயிற்று. அந்தக் கறை காரணமாகத்தான் யுத்தத்துக்குப் பின் அங்கே பல சர்வகலாசாலைகள் துறையின் பெயரையே மாற்றிக்கொண்டன. டூபிங்கன் சர்வகலாசாலை 1971-ல் அதை அனுபவப் பண்பாட்டியல் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கத் தொடங்கியது. தன் ஜனங்களின் பாட்டில் பெருமை கொள்வது வேறு. அதைத் தடியாக்கி அடுத்தவன் தலையில் அடிப்பது வேறு. நமது தேசத்திலும் இரண்டாவது வேலைக்கு ஆட்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி நமது வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1871-ல் சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாடோடிப் பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் பின் 1884 முதல் பண்டித நடேச சாஸ்திரியார் தென்னிந்தியக் கதைகளைப் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1890-ல் அக்கதைகளில் பலவற்றை உள்ளடக்கி லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. அதன் முகப்பில் முதற் பெயர் கிங்ஸ்கோட் சீமாட்டியுடையது; இரண்டாவது பெயர்தான் சாஸ்திரியாருடையது. அவராவது இரண்டாவது இடத்தில் நின்றார். வடக்கே ராம் கரீப் சௌபே என்ற பண்டிதர், வில்லியம் குரூக் என்ற ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தருக்காகத் திரட்டி எழுதிக் கொடுத்த கதைகளின் கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் ஒரு சங்கத்தின் காகிதக் கட்டுகளுக்குள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தன. அவற்றைக் கண்டெடுத்து, சௌபேயின் பங்கு இன்னது என்று உலகம் அறிய 2006-ல் நூல் எழுதியவர் ஸாதனா நைதானி என்ற இந்திய ஆராய்ச்சியாளர். அவர் டில்லியிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்திராது. வெளிதேசம் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நாம் கருதுகிறோம். நமது பாட்டிகளின் குரல்களில் எத்தனையோ அங்கே பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் பாஷை தெரிந்தவன் போகாமல் யார் போவது?

இதற்கு நேர் எதிரான ஒரு நல்ல உதாரணமும் உண்டு. பின்லாந்தின் டூர்க்கு நகரப் பேராசிரியர் லௌரி ஹோங்கோ 1990 டிசம்பரில் துளு நாட்டுக்கு வந்து, கோபால நாய்க்கர் என்ற குடியானவர் பாடிய சிரி காவியத்தை ஆறு நாள் உட்கார்ந்து பதிவு செய்தார். 15,683 அடிகள். கலேவலாவைவிட இது சிறியதுதான். ஆனால் அது பல வாய்களிலிருந்து எடுத்து ஒருவர் தைத்தது, இது ஒரே வாயிலிருந்து வந்தது. விவேக ராய், சின்னப்ப கௌடா என்ற கன்னட நாட்டு அறிஞர்கள் உடனிருந்து உழைத்தார்கள். 1998-ல் நூல் வந்தபோது, பாடியவரின் பெயர் நூலின் தலைப்பிலேயே இருந்தது. உழைத்தவர்களின் பெயர்களும் முகப்பில் இருந்தன. 1890-க்கும் 1998-க்கும் இடையே இந்தச் சாஸ்திரம் கற்றுக்கொண்ட மரியாதை இது. அந்த மரியாதையும், பதிவு செய்யும் ஒழுங்கும், ஒரே கதையின் நூறு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையுமே வெளிதேசத்தில் படிக்க வேண்டியவை. பாட்டு நம்மிடம் இருக்கிறது. முறையைத்தான் கற்று வர வேண்டும்.

அப்படியானால் எல்லா வாலிபரும் உடனே மூட்டை கட்டலாமா? அவசரம் வேண்டாம். இச்சாஸ்திரத்தை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முன்நின்றவரான பேராசிரியர் நா. வானமாமலை எந்த வெளிதேசத்துப் பட்டமும் பெற்றவரல்லர். 1917-ல் பிறந்து 1980-ல் மறைந்த அவர், பாளையங்கோட்டையில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்துக்கொண்டே பாடல்களைத் தொகுத்தார். முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை முதலிய கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். ‘ஆராய்ச்சி’ என்று ஒரு பத்திரிகையையும் நடத்தினார். அதே ஊரில் தூய சவேரியார் கல்லூரி இதற்கென்றே ஒரு துறையையும் ஆவணச் சாலையையும் கண்டது. நமது நண்பரின் பையனுக்குப் பாளையங்கோட்டை பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். லண்டன் வழியைத் தரகரிடம் விசாரித்தவன், பாளையங்கோட்டை வழியை இதுவரை விசாரித்தானா என்று கடிதத்தில் இல்லை. முதலில் அதை விசாரிக்கட்டும்.

பிறகு இடங்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் இண்டியானா சர்வகலாசாலை நெடுங்காலமாக இத்துறைக்குத் தலைநகர் போல விளங்கியது. ஸ்டித் தாம்ஸன் என்ற பேராசிரியர் 1921-ல் அங்கே சேர்ந்து, உலகக் கதைகளுக்கெல்லாம் எண் கொடுத்து வரிசைப்படுத்தும் பின்லாந்து முறையை விரிவுபடுத்தினார். இந்தத் துறையில் அமெரிக்கா வழங்கிய முதல் டாக்டர் பட்டம் 1953-ல் அங்கேதான் வழங்கப்பட்டது. நம்மவரான ஏ. கே. ராமாநுஜன் 1959-ல் சென்றதும் அங்கேதான். அவர் பட்டம் பெற்றதோ மொழியியலில். கன்னட நாட்டுக் கதைகளைத் திரட்டிய புகழ் அவருக்கு வேறு வழியாக வந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்து விண்ணப்பிக்காதே, ஆசிரியரைப் பார்த்து விண்ணப்பி என்பதற்கு இதைக் காட்டுவோம். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் ஆலன் டண்டிஸ் 1963 முதல் 2005-ல் மறையும் வரை கற்பித்தார். பொதுவாக ஏதேனும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் எந்தக் கூட்டமும் ‘நாட்டார்’தான் என்பது அவர் கொள்கை. அதன்படி பார்த்தால், வக்கீல்கள் அறையில் ஜட்ஜுகளைப் பற்றி வழங்கும் கதைகளும் இந்தச் சாஸ்திரத்துக்குள் அடங்கும். நாமே ஒரு தொகுதி கொடுக்கத் தயார், பிரசுரிக்கத்தான் தைரியமில்லை.

பெர்க்லியில் இத்துறையில் எம்.ஏ. உண்டு, டாக்டர் பட்டத்துக்கு மானிடவியல் முதலிய வேறு துறைகளுக்குப் போக வேண்டும். ஹார்வர்டில் இது இளங்கலை மாணவர்களுக்கான படிப்பு. பெயரைக் கேட்டு மயங்கி அங்கே இத்துறையில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பிப்பவன் கட்டணத்தைத் தண்ணீரில் போட்டவனாவான். பென்ஸில்வேனியாவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த துறை பின்னர் தனித்துறை என்ற நிலையையே இழந்தது. பழைய புத்தகங்களின் முன்னுரையைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கக் கூடாது. இந்த வருஷம் அந்தத் துறை ஆள் எடுக்கிறதா என்பதை அத்துறைக்கே எழுதிக் கேட்க வேண்டும். கனடாவில் நியூபௌண்ட்லாந்துத் தீவின் மெமோரியல் சர்வகலாசாலையில் 1968-ல் ஹெர்பர்ட் ஹால்பர்ட் தொடங்கிய துறை எம்.ஏ.வும் டாக்டர் பட்டமும் தருகிறது. மீன் பிடிப்பவர்களின் தீவு அது. நமது கடற்கரைப் பரதவர் பாடல்களைப் படித்த பையனுக்கு அங்கே பேசுவதற்கு நிறைய விஷயம் இருக்கும் என்று நினைக்கிறோம். ஐரோப்பாவில் மேலே சொன்ன எஸ்தோனியாவின் தார்த்து சர்வகலாசாலை சில வருஷங்களாக ஆங்கில வாயிலாகவே எம்.ஏ. வகுப்பு நடத்தி வருகிறது. ஐயர்லாந்தில் கார்க் நகரம், ஸ்காட்லாந்தில் 1995-ல் ஏற்பட்ட அபர்தீன் எல்பின்ஸ்டன் ஸ்தாபனம் ஆகியவையும் கவனிக்கத் தக்கவை.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் நமது வாலிபர்கள் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் ஆகஸ்டில் தொடங்கும் வகுப்புக்கு முந்தின டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே மனுக்களின் கெடு முடிந்துவிடும். ஆங்கிலப் பரீக்ஷை மதிப்பெண், கல்லூரிச் சான்றுகள், மூன்று சிபாரிசுக் கடிதங்கள், பத்து இருபது பக்கத்தில் ஒரு மாதிரிக் கட்டுரை, இவற்றோடு தன் நோக்கத்தை விவரித்து இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை. கடைசியாகச் சொன்ன இரண்டு பக்கந்தான் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது.

இவ்வாறு எழுதப்பட்ட சில அறிக்கைகளைத் திருத்தித் தரும்படி நண்பர்கள் நம்மிடம் கொடுத்ததுண்டு. எல்லாம் பாட்டியிலேயே ஆரம்பமாகின்றன. சிறு வயதில் நிலவொளியில் பாட்டி மடியில் படுத்துக் கதை கேட்டேன், அன்று முதல் எனக்கு இதில் தீராத ஆர்வம் என்று ஒரே ராகம். உலகத்தில் பாட்டி இல்லாத மனுதாரன் எவன்? ஜப்பானியனுக்கும் நைஜீரியனுக்கும் பாட்டி உண்டு; நிலவும் உண்டு. மனுவைப் படிக்கும் பேராசிரியருக்கு வேண்டியது, நீ என்ன கேட்டாய், அதிலிருந்து உனக்கு என்ன சந்தேகம் பிறந்தது என்பதே. வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் நமது தென்கோடிக்கு வந்து பல கொடைகளில் உட்கார்ந்து, 1988-ல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தெய்வப் பிறப்பைப் பாடும் கதைகளையும், அகாலமாக வெட்டுண்டு மாண்டவரைப் பாடும் கதைகளையும் அவர் பிரித்துப் பார்த்தார். சாவைப் பாடும் கட்டத்தில் சாமியாட்டம் உச்சத்துக்கு வருவதைக் கவனித்தார். நமது பையன் அதைப் படித்துவிட்டு, தன் ஊர்க் கொடையில் இன்று அந்தக் கட்டத்தைப் பாடுகிறார்களா, ஒலிபெருக்கியும் ஒளிப்பதிவும் வந்தபின் அது நீண்டதா சுருங்கியதா, பாடுகிற அண்ணாவி அதற்கு என்ன காரணம் சொல்கிறார் என்று விசாரித்து எழுதினால், அந்த இரண்டு பக்கத்தைக் கீழே வைக்க எந்தப் பேராசிரியருக்கும் மனம் வராது.

இதற்கு அவன் முதலில் வேலை செய்திருக்க வேண்டும். கைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யக் கூடிய காலத்தில், கருவி இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் கேள்விச் சாட்சியம் பொதுவாகச் செல்லாது. 1872-ம் வருஷத்துச் சட்டத்திலும் அப்படி, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த சட்டத்திலும் அப்படியே. இந்தச் சாஸ்திரத்திலோ கேள்விச் சாட்சியந்தான் சாட்சியம். ஆகையால் அதற்குரிய ஜாக்கிரதையும் அதிகம். பாடியவர் யார், வயது என்ன, யாரிடம் கற்றார், எந்த இடத்தில், எந்த நாளில், யார் யார் கேட்டிருக்கப் பாடினார், கேட்டவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே மௌனமானார்கள் என்று குறித்து வைக்காத பதிவு, தேதியும் கையெழுத்தும் இல்லாத பத்திரம் போன்றது. இன்னொன்று: பாடினவரின் சம்மதம். அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் மனிதரை விசாரித்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு முன்கூட்டியே ஒரு குழுவின் அனுமதி பெற வேண்டும். நம்மவர்கள் அந்தச் சட்டத்துக்காகக் காத்திராமல், இந்தப் பாட்டை இன்ன காரியத்துக்குப் பயன்படுத்துவேன், உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று அந்தக் கிழவியிடம் இன்றே கேட்கலாம். பதிவின் ஒரு பிரதியை அவள் வீட்டிலும் ஒரு பிரதியை உள்ளூர் ஆவணச் சாலையிலும் வைத்துவிட்டுப் போகலாம். சௌபேயின் கட்டு லண்டனில் உறங்கியது போல இதுவும் ஏதோ ஒரு தூரதேசத்துக் கம்ப்யூட்டரில் உறங்கவேண்டாம்.

சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமது கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. மாணவன் போய்க் கேட்டால், நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்பார் ஆசிரியர். மூன்று ஆசிரியர்களின் கடிதங்களும் ஒரே நடையில், ஒரே பிழையோடு போய்ச் சேரும். அங்கே படிக்கிறவர்கள் மூடர்களல்லர். இப்போது கடிதங்களை ஆசிரியரே நேராக மின்வலை மூலம் அனுப்ப வேண்டியிருக்கிறது. பையன் நல்லவன், ஒழுக்கமானவன் என்ற கடிதத்தைவிட, இன்ன ஊரில் இன்ன பாடலைப் பதிவு செய்து வந்து என்னிடம் காட்டினான், இன்ன இடத்தில் தவறு செய்தான், பிறகு திருத்திக்கொண்டான் என்று எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அப்படி எழுத மனமுள்ள ஆசிரியரை எம்.ஏ. படிக்கும்போதே தேடிக்கொள்ள வேண்டும்.

இனி நிலத்தின் விஷயம். தரகர்களைப் பற்றி நண்பர் அறிய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் பல சர்வகலாசாலைகள், பணம் கட்டிப் படிக்கும் வெளிதேச மாணவனைச் சேர்த்து விடும் தரகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கின்றன. சம்பளம் கொடுத்து மாணவனை எடுத்துக்கொள்ளும் டாக்டர் பட்ட வகுப்புக்கோ தரகருக்கு ஒரு காசும் வராது. ஆகையால் இரண்டாவது வழி உண்டு என்பதே தரகர் வாயில் வருவதில்லை. ஓராண்டு எம்.ஏ.வுக்குக் கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்ந்து பல லட்சம் ரூபாய் ஆகும். என்ஜினீயரோ டாக்டரோ அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடும். நாட்டார் பாடல் படித்தவன் எதைக் கொண்டு கொடுப்பான்? அமெரிக்காவில் காங்கிரஸ் நூல்நிலையத்தில் இதற்கென 1976-ல் ஏற்பட்ட ஒரு நிலையம் உண்டு, அரும்பொருட்சாலைகள் உண்டு, சில மாகாணங்களில் உத்தியோகங்களும் உண்டு. எல்லாம் சேர்த்தும் கொஞ்சந்தான். நம் நாட்டிலோ விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை மறைத்துப் பையனை உற்சாகப்படுத்துவது நமக்குச் சம்மதமில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் டாக்டர் பட்ட மாணவர்களில் தேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளி, இளங்கலை வகுப்புகளில் உதவி ஆசிரியராக வேலை கொடுத்து, ஜீவனத்துக்கு ஒரு தொகையும் தருகிறார்கள். ஐந்தாறு வருஷப் படிப்பு. கிடைக்கும் இடங்கள் சொற்பம். போட்டியோ உலகம் முழுவதும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஐம்பது முதல் நூறு டாலருக்கு மேலும் கட்டணம் கேட்கிறார்கள். ஏழ்மையைச் சொல்லிக் கேட்டால் தள்ளுபடி செய்யும் இடங்களும் உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. சேர்க்கிறோம் என்ற கடிதம் வந்தவுடன் துள்ளக் கூடாது. சேர்ப்பது வேறு, சம்பளத்தோடு சேர்ப்பது வேறு. எத்தனை வருஷத்துக்கு உதவி, எவ்வளவு தொகை, கோடை மாதங்களுக்கும் உண்டா, வைத்திய இன்ஷ்யூரன்ஸ் யார் கட்டுவது என்பதெல்லாம் எழுத்தில் வரவேண்டும். உதவித் தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம் என்று அமெரிக்கப் பட்டதாரிப் பள்ளிகள் பல தங்களுக்குள் உடன்பாடு செய்திருக்கின்றன. அதற்கு முன் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் அந்த உடன்பாட்டை மரியாதையாக நினைவூட்டலாம். உதவித் தொகை இல்லையா, இவ்வருஷம் போக வேண்டாம். அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பாட்டோடு மறுபடி விண்ணப்பிக்கட்டும். இந்தத் துறையில் ஒரு வருஷம் ஊரில் இருப்பது நஷ்டமன்று. அதுதான் கையிருப்பு.

காத்திருக்க முடியாதது ஒன்று உண்டு. வில்லிசையில் பெயர் பெற்ற பூங்கனி அம்மாள் 2018-ல் மறைந்தார். வீசுகோலைச் சுழற்றி வில்லில் அடித்துக்கொண்டே அவர் பாடியதைக் கேட்டவர்கள், அதை எழுத்தில் சொல்ல முடியாது என்கிறார்கள். அவரைப் போல் பெயர் பெறாத எத்தனையோ பேர் எந்தப் பதிவும் இல்லாமல் வருஷந்தோறும் போய்க்கொண்டிருக்கிறார்கள். சர்வகலாசாலை அடுத்த வருஷமும் இருக்கும்.

நண்பர் தமது கடிதத்தின் கடைசியில், பையன் தன் பாட்டி பாடிய மூன்று ஒப்பாரிகளைப் பதிவு செய்து வைத்திருப்பதாகவும், அவள் சென்ற தை மாதம் காலமாகிவிட்டதாகவும், அந்தப் பதிவைத் தம்மால் இதுவரை கேட்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தரகரிடம் கொடுத்த முன்பணம் திரும்பி வராது என்று நினைக்கிறோம், அதோடு போகட்டும். நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த மூன்று பாட்டையும் யாருடைய சாவுக்காக, யாரிடம் கற்றுப் பாடினாள் என்று தமக்குத் தெரிந்ததையெல்லாம் பையனிடம் அவர் சொல்லட்டும். அதை அறிந்தவர் இனி வேறு யாரும் இல்லை. விண்ணப்பத்துக்கு டிசம்பர் வரை அவகாசம் இருக்கிறது. ஆடி பிறக்கப் போகிறது. தெற்கே கொடைகள் தொடங்கிவிடும். பையன் பட்டணத்தில் தரகர் வாசலில் நிற்காமல், முதற் கொடைக்கு வில் கட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரட்டும்.